பல்லக்கில் திருந்திய ஆணை

மருதங்காவு அரண்மனையில் மணியடிக்க ஆளே வேண்டாம். மடைப்பள்ளியிலிருந்து சோறு கொதிக்கும் வாசனை வந்தால் உச்சிவேளை என்று அர்த்தம். அப்பேர்ப்பட்ட மடைப்பள்ளிக்கும் ஒரு கெட்ட காலம் வந்தது. பஞ்சமா, படையெடுப்பா என்று கேட்காதீர்கள். மந்திரி வில்லவராயருக்கு ஒரு யோசனை வந்தது, அவ்வளவுதான்.

பக்கத்து நாட்டுக்குத் தூது போனவர் அங்கே ஆளுயரக் கொப்பரையைப் பார்த்துவிட்டார். சின்ன அடுப்புகளே கிடையாது. ஒரே கொதியில் அரண்மனைக்கே சோறு. யோசனையில் குற்றமில்லை, நியாயத்தைச் சொல்ல வேண்டும். விறகும் மிச்சம், வேலையும் மிச்சம். ஆனால் அவர் அதைச் செய்த லட்சணம் இருக்கிறதே! ஒருநாள் காலையில் சமையல்காரர்கள் வந்து பார்த்தால், பழைய அடுப்பெல்லாம் இடித்துத் தரைமட்டம், நடுவில் ஆளுயரக் கொப்பரை. முன்கூட்டிச் சொன்னால் முணுமுணுப்பார்கள், அதனால் யாருக்கும் சொல்லாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட வேண்டும் என்பது மந்திரியின் கொள்கை. மன்னர் வீரகேசரியும் தலையாட்டிவிட்டார்.

அப்புறம் என்ன? கொப்பரையில் மேலே அரிசி, அடியில் கரி. நீளத் துடுப்பால் சோற்றைக் கிளறியவர்களுக்குத் தோள் வீங்கியது. ஒருவன் அனல் தாங்காமல் மயங்கி விழுந்தான். தலைமைச் சமையல்காரர் அன்னமுத்து கையைச் சுட்டுக்கொண்டு, கட்டுப்போட்ட கையோடு கிளறினார். அரைவேக்காட்டுச் சோறு மன்னரின் வயிற்றைக் கலக்கிவிட்டது. எல்லாம் சோம்பேறித்தனம் என்று மந்திரி போட்டுக்கொடுக்க, பௌர்ணமி வரைக்கும்தான் கெடு, அதற்குள் ஒழுங்காகச் சமைக்காவிட்டால் அத்தனை பேரும் வீட்டுக்குப் போகலாம் என்று மன்னர் சொல்லிவிட்டார்.

அன்னமுத்து முத்தாண்டியைத் தேடி வந்தார். முத்தாண்டி அரசவை விகடகவி. ஊருக்கு வந்த நாள் முதல் அன்னமுத்து கைச்சோறு தின்றவன்.

"எங்களுக்குச் சமைக்கத் தெரியாமல் போகவில்லை, தம்பி. அந்த அடுப்போடு கொஞ்சம் பழக விட்டிருந்தால் போதும்" என்றார்.

முத்தாண்டிக்கு உதவ ஆசைதான். ஆனால் நேரே போய்ச் சொல்ல முடியுமா? மந்திரியை எதிர்த்துப் பேசிய கடைசி ஆள் இப்போது எல்லைக் கோட்டையில் வௌவால் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆகவே பல்லக்குத் தூக்கிகளின் தலைவன் சடையனைப் போய்ப் பார்த்து, காதோடு காதாக ஏதோ பேசிவிட்டு வந்தான்.

பௌர்ணமியும் வந்தது. காலையில் மன்னர் மந்திரியோடு மலைக்கோயிலுக்குப் புறப்பட்டார். பல்லக்கில் ஒரு காலை வைத்திருப்பார், முத்தாண்டி பவ்யமாக வந்து கும்பிட்டான். மந்திரியாரின் முறையைப் பல்லக்குக்கும் கொண்டுவந்துவிட்டோம் என்றான். எப்படி என்று மன்னர் கேட்டார்.

"தூக்குகிறவர்களுக்கு வழியில் தோள் மாற்ற வேண்டியிருக்கும், அரசே. சடையன் குரல் கொடுப்பான், ஒருவன் மாற்றுவான், மற்றவர்கள் பாரத்தைத் தாங்கிக்கொள்வார்கள். பிறகு அடுத்தவன். ரொம்ப இழுவை. இனிமேல் குரலே கிடையாது. எல்லோரும் ஒரே மூச்சில் தோளை விட்டு மாற்றிக்கொள்வார்கள். குளக்கரை மேட்டில்தான்... அடடா, முன்கூட்டிச் சொல்லிவிட்டேனே!"

மன்னர் காலை வெளியே எடுத்துவிட்டார். முதல் மரியாதை, முறையைக் கண்டுபிடித்தவருக்குத்தானே சேர வேண்டும் என்று முத்தாண்டி மெல்ல எடுத்துக் கொடுத்தான். வயிறு இன்னும் கடமுடா என்றுகொண்டிருந்த மன்னருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஏறுங்கள் வில்லவராயரே என்று சொல்லிவிட்டு, தாம் குதிரையில் ஏறிக்கொண்டார். ஊரே பார்க்கும்போது மந்திரி எப்படி மாட்டேன் என்பார்? முகம் வெளிறியபடி ஏறினார்.

குளக்கரை மேடு வந்தது. ஒருபக்கம் பாசி பிடித்த தண்ணீர், மறுபக்கம் கள்ளிச் சரிவு. சடையன் லேசாகத் தொண்டையைக் கனைத்தான், அவ்வளவுதான். திரையை விலக்கிக்கொண்டு மந்திரியின் தலை வெளியே வந்தது.

"டேய், பொறுங்கடா! ஒவ்வொருத்தனாக மாற்றுங்கள்! மாற்றும் முன்னால் குரல் கொடுங்கள்! புது ஆள் வந்தால் கூடவே நடந்து பழகிக்கொண்டு அப்புறம் தோள் கொடுக்கட்டும். பின்னால் வருகிறவனுக்கு மூச்சு வாங்குகிறது பார், முதலில் அவனை இளைப்பாற விடு!"

"முன்கூட்டிச் சொன்னால் முணுமுணுப்பார்களே, ஐயா?" என்று முத்தாண்டி கவலையோடு கேட்டான்.

"முணுமுணுக்கட்டுமய்யா! காதில் வாங்கிக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?"

முத்தாண்டி மன்னர் பக்கம் திரும்பினான். "அரசே, இதையே மடைப்பள்ளிக்கும் ஆணையாக்கிவிடலாமா? ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டாம்."

மன்னர் முதலில் முழித்தார். பிறகு புரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குதிரையில் இருந்தபடியே ஆணையும் பிறந்தது. கொப்பரை இருக்கட்டும். பழைய அடுப்பில் பாதியைத் திரும்பக் கட்ட வேண்டும். இரண்டிரண்டு பேராகக் கொப்பரையில் சமைத்துப் பழகட்டும். கை ஆறும்வரை அன்னமுத்து கரண்டியைத் தொடக்கூடாது, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் போதும். யாரையும் வீட்டுக்கு அனுப்பப் போவதில்லை. பிரசாதக் கூடையோடு பின்னால் வந்துகொண்டிருந்த அன்னமுத்து கரையிலேயே உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மந்திரி இறங்கப் பார்த்தார். மன்னர் முத்தாண்டியிடம், இந்தப் பல்லக்கையே உனக்குப் பரிசாகத் தருகிறேன், எடுத்துக்கொள் என்றார்.

"வேண்டாம், அரசே. மந்திரியார் அதிலேயே இருக்கட்டும். அங்கே உட்கார்ந்தால்தான் அவருக்கு நல்ல யோசனையாக வருகிறது."