சோலைராயரின் சனிக்கிழமைக் குளியல்

ஜமீன்தார் சோலைராயருக்கு ஓர் ஆசை வந்தால் பொழுது விடிவதற்குள் அது நடந்துவிட வேண்டும். மகள் கல்யாணத்துக்குப் புது மண்டபம் கட்ட நினைத்தவர், சுவர் எழுப்புகிறவன், கூரை போடுகிறவன், சுண்ணாம்பு அடிக்கிறவன், தோரணம் கட்டுகிறவன் எல்லாரும் ஒரே நாளில் வேலையைத் தொடங்க வேண்டும் என்றார். சுவரே இல்லாமல் சுண்ணாம்பை எங்கே அடிப்பது என்று கேட்ட கொத்தனாரை விரட்டியும் விட்டார்.

பக்கத்தில் நின்ற ஒச்சப்பன் சிரிப்பை அடக்கியது அவர் கண்ணில் பட்டுவிட்டது. ராயரைக் குளிப்பாட்டுவதுதான் அவன் வேலை.

“இனிமே மண்டபத்துக்கு நீதான்டா பொறுப்பு. முடியாட்டி குடும்பத்தோட ஊரைக் காலி பண்ணு.”

“உத்தரவு எசமான்.”

மறுநாள் சனிக்கிழமை, எண்ணெய்க் குளியல். ராயர் மணையில் உட்கார்ந்ததுதான் தாமதம், நாலு பேர் அவர்மேல் பாய்ந்தார்கள். ஒருவன் எண்ணெய் ஊற்ற, ஒருவன் சீயக்காய் தேய்க்க, ஒருவன் வெந்நீரைக் கொட்ட, ஒச்சப்பன் அந்தத் தலையிலேயே பட்டுத் தலைப்பாகையைச் சுற்றினான்.

“அறிவுகெட்டவனே, எண்ணெய் ஊறாம சீயக்காயா? தலை துவட்டாம தலைப்பாகையா?”

“எல்லாம் ஒரே நேரத்துல நடந்தாத்தானே எசமானுக்குப் பிடிக்கும்? மண்டபத்துக்கு முன்னால கையைப் பழக்கிக்கிட்டேன்.”

ராயருக்கு வாயெல்லாம் சீயக்காய். நனைந்த தலைப்பாகையைத் தானே அவிழ்த்துப் பிழிந்தார்.

“முதல்லேருந்து ஆரம்பி,” என்றார்.

இந்தத் தடவை எண்ணெய் மட்டும் வைத்தார்கள். ராயருக்குப் பொறுக்கவில்லை.

“இன்னும் எவ்வளவு நேரம்டா?”

“ஊறட்டும் எசமான். சும்மா இருக்கிற நேரத்துல கொத்தனார்கிட்டப் பேசிடலாமே. வாசல்லதான் நிக்கிறார். நேத்தே வரச் சொல்லிட்டேன்.”