வரிச்சியின் முதல் பலகை

ஒரு காட்டு ஏரியின் மேற்குக் கரையில் வரிச்சி என்றோர் அணில் இருந்தது.

அந்த ஏரியில் ஆடி மாதம் மேல்காற்று வீசும். அப்போது மேற்குக் கரை விலங்குகள் பலகைமேல் நின்று, பெரிய இலையைப் பாயாகப் பிடித்துக்கொண்டு, கிழக்குக் கரைக்குப் போகும். அங்கே பாதாம் மரங்கள் நிறைய. ஐப்பசியில் கீழ்க்காற்று தொடங்கியதும் கொட்டைகளோடு வீடு திரும்பும்.

வரிச்சியின் குலத்தில் யாரும் தண்ணீரில் இறங்கியதில்லை. இருந்தாலும் அந்த வருஷம் மேற்குக் கரையில் நாவல் காய்க்கவில்லை. பொந்தில் இருந்த தீனி ஐப்பசி வரைக்கும்தான் வரும். அம்மா இருந்தாள். கண் திறந்து பத்து நாள்கூட ஆகாத தங்கைகள் மூன்று பேர் இருந்தார்கள். தானே போவதாக வரிச்சி சொல்லிவிட்டது. சொன்ன நாளிலிருந்து அதற்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

பலகைகளை வைத்திருந்தது ஒரு நண்டு. அதனிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு ஒரு பலகைதான். எடுத்தவர் அதன் ஓரத்தில் பல்லால் ஒரு குறி கடிக்க வேண்டும். குறி விழுந்துவிட்டால் அடுத்த ஆடி வரை வேறு பலகை கிடையாது.

வரிசையில் வரிச்சிக்கு முன்னால் கொம்பையன் என்ற கீரி நின்றது. இதுவரை எத்தனை தடவை பலகை ஏறியிருக்கிறாய் என்று நண்டு கேட்டது. கொம்பையன் கரையில் உட்கார்ந்து நீர்நாய்கள் போவதைப் பார்த்ததோடு சரி. ஆனாலும், “அதெல்லாம் எண்ணி முடியாதுண்ணே” என்றது. நண்டு ஒடுக்கமான ஒரு பனைமட்டையையும் அகலமான தேக்கிலையையும் எடுத்துக் கொடுத்தது. நீர்நாய்கள் ஏறுவது அந்த மாதிரி மட்டையில்தான். கரையில் இருந்தவர்கள் சீழ்க்கை அடித்தார்கள். கொம்பையன் அங்கேயே குறி கடித்தது.

அடுத்தது வரிச்சி. மூலையில் கலியாண முருங்கைக் கட்டை ஒன்று கிடந்தது. அகலமாக, தடியாக, பார்க்கவே அசட்டுத்தனமாக இருந்தது. புதிதாகக் கற்பவர்களுக்கானது அது என்று எல்லோருக்கும் தெரியும். நண்டு அதே கேள்வியைக் கேட்டது.

“பத்துப் பன்னிரண்டு தடவை இருக்கும்” என்றது வரிச்சி.

அதற்கும் ஒரு பனைமட்டையும் தேக்கிலையும் கிடைத்தன. வரிச்சி மட்டையை ஒதுக்குப்புறமாக இழுத்துப் போய், குறி கடிப்பதற்கு முன் தண்ணீரில் போட்டு ஏறிப் பார்த்தது. மட்டை அதையும் தூக்கிக்கொண்டு நேராக அடிக்குப் போனது. மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது. கரையேறி உட்கார்ந்து யோசித்தது. பொய் சொன்னேன் என்று எல்லோர் முன்னாலும் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் தங்கைகளுக்கு என்ன பதில்?

அது மட்டையை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தது. “நண்டண்ணே, நான் சொன்னது பொய். ஒரு தடவைகூட ஏறினதில்ல.”

நண்டு கோபப்படவில்லை. “இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன? உனக்குப் பரீட்சை வைக்கவா கேட்டேன்? ஏத்த பலகையைக் கொடுக்கத்தானே கேட்டேன்” என்றது. மட்டை ஓடும்போதுதான் மிதக்கும், நின்றால் முங்கிவிடும், கட்டை நின்றாலும் மிதக்கும் என்று விளக்கியது. மட்டையையும் தேக்கிலையையும் வாங்கி வைத்துக்கொண்டு, அந்த முருங்கைக் கட்டையையும் சின்னதாக ஒரு பூவரச இலையையும் கொடுத்தது. பெரிய பாயைப் பிடிக்கக் கைக்கு இன்னும் பழக்கம் வரவில்லை என்றது.

கொம்பையன் சும்மா இருக்குமா? “என்ன தங்கச்சி, கட்டில்ல படுத்துக்கிட்டே போயிடலாம்னு பாக்கறியா?” என்றது. எல்லோரும் சிரித்தார்கள். வரிச்சிக்குக் காது சுட்டது. குனிந்து கட்டையின் ஓரத்தில் குறி கடித்தது.

மறுநாள் காலை காற்று நன்றாக வீசியது. கொம்பையன் பாறையிலிருந்து தாவி மட்டையில் ஏறி, அம்பு மாதிரி பறந்தது. வரிச்சி முழங்கால் ஆழத்திலேயே ஏழு முறை விழுந்தது. விழுந்தபோதெல்லாம் கட்டை பக்கத்திலேயே மிதந்தது. வரிச்சி அதைப் பிடித்து மறுபடியும் ஏறியது. எட்டாவது முறை விழாமல் நின்றது. ஆமை வேகம்தான். ஆனால் கட்டை நகர்ந்தது.

வரிச்சி நடு ஏரிக்கு வந்தபோது அங்கே காற்று ஓய்ந்திருந்தது. இலையைத் தாழ்த்திக் கட்டைமேல் அப்படியே உட்கார்ந்தது. தூரத்தில் கொம்பையனின் தலை மட்டும் தெரிந்தது. வேகம் போனதும் மட்டை முங்கிவிட்டது. நின்ற மட்டையில் ஏற அதற்குத் தெரியவில்லை. தேக்கிலை நனைந்து கனத்து அதைக் கீழே இழுத்தது.

வரிச்சி முன்கால்களால் தண்ணீரைத் துழாவிக்கொண்டு கிட்டே போனது. “அண்ணே, அந்த இலையை விட்டுட்டு இதைப் பிடிச்சுக்கோ.”

“கட்டை தாங்குமா?” என்று கேட்டது கொம்பையன். அதன் பல் தந்தியடித்தது.

“தாங்கும். நீ பிடி.”

கட்டை சற்றுத் தாழ்ந்தது, முங்கவில்லை. காற்று மறுபடியும் வந்தது. வெயில் சாயும் நேரத்தில் இரண்டும் பாதாம் மரங்களின் நிழலில் கரையேறின. ஐப்பசியில் வரிச்சி அதே கட்டையில் கொட்டை மூட்டையோடு வீடு வந்து சேர்ந்தது. மூட்டை ஏறிய பிறகு இன்னொருவருக்கு அதில் இடமில்லை. குறி கடித்த மட்டையை ஏரியில் தொலைத்த கொம்பையனோ, அடுத்த ஆடி வரை பலகை இல்லாமல் அந்தக் கரையிலேயே கிடந்தது.

தெரியாததைத் தெரியாது என்று சொல்பவருக்கே தமக்கேற்ற கருவி கையில் கிடைக்கும்.