ஆறும் வரை

இருபத்திரண்டு வருடம் இரும்புக்கு வெல்டிங் அடித்த நாச்சிமுத்து, ஐம்பது வயதில் மெஹருன்னிசாவிடம் சிஷ்யனாகச் சேர்ந்தார். கால் இழந்தவர்களுக்கு, நைலான் தூளை லேசரால் இணைத்துச் செயற்கைக்காலில் மிச்சக்கால் பொருந்தும் கிண்ணம் செய்யும் பட்டறை அது. குருவுக்கு அவரைவிட வயது பதினைந்து குறைவு. பேச்சு அதைவிடக் குறைவு.

மூன்று நாள் முன்பு நாச்சிமுத்து செய்த கிண்ணம், ஒரு கால் இழந்த வஞ்சிக்கொடி வைத்த முதல் அடியிலேயே விரிசல்விட்டு உடைந்தது. நடைபழகும் கம்பியைப் பிடித்ததால் தப்பித்தாள்.

உடைந்த துண்டை மெஹருன்னிசா பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தாள்.

"என்ன தெரியுது?"

"மணி மணியாத் தெரியுதுங்க. ஒண்ணையொண்ணு தொட்டுட்டுத்தான் இருக்குது."

"அப்புறம் ஏன் விட்டுச்சு?"

நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெல்டிங் புத்தி! தூளைச் சூடாக்காமல் லேசரை மட்டும் கூட்டியிருந்தார்.

மறுமுறை அவளே இயந்திரத்தை ஓட்டினாள். உருகுவதற்குச் சற்று முன்புவரை தூள் முழுவதையும் சூடாக்கினாள். லேசர் லேசாகத்தான் பட்டது. மணிகளின் ஓரங்கள் இளகி, தொட்ட இடமெல்லாம் கழுத்துப்போல் சேர்ந்து தடித்தன.

இன்று மதியம் இயந்திரம் நின்றது. கிண்ணம் சூடான தூளுக்குள் புதைந்திருந்தது. ஆற இரவாகும்; அதற்குள் எடுத்தால் கோணிவிடும்.

வாசல் பெஞ்சில் ஊன்றுகட்டைகளோடு வஞ்சிக்கொடி. நாளை அங்கன்வாடிக்குத் திரும்பாவிட்டால் அவள் வேலை வேறு ஆளுக்கு.

"அண்ணா, நாலு மணி பஸ்ஸை விட்டா ஊருக்குப் போக முடியாதுங்க."

 நாச்சிமுத்து போய் இயந்திரத்தின் தாழ்ப்பாளில் கைவைத்தார்.

"அதான் ஒட்டிடுச்சே மேடம். இன்னும் எதுக்குங்க காத்திருக்கணும்?"

மெஹருன்னிசா தடுக்கவில்லை. ஸ்பேனரை எடுத்து, நடைபழகும் கம்பியைக் கழற்றத் தொடங்கினாள்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"கைக்குழந்தையத் தூக்கிட்டு அவ நிக்கிற இடத்துல கம்பி இருக்காதுண்ணா. இங்கயும் வேண்டாம். திறங்க."

கம்பி தரையில் விழுந்தது. அவர் கை தாழ்ப்பாளை விட்டு இறங்கியது.

வெளியே வந்து வஞ்சிக்கொடியின் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தார்.

"ஆறட்டும் அம்மிணி. எந்நேரமானாலும் என் வண்டியிலயே கொண்டுபோய் விடறேன்."

நாலு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அவருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"அது ஆர்ற வரைக்கும் நான் என்ன பண்றதுங்க, மேடம்?"

மெஹருன்னிசா ஸ்பேனரைத் துடைத்து வைத்தாள்.

"அது பண்றதையே பண்ணுங்க."