வராத ஒரு குரல்

"திங்கக்கிழமை நான் எங்க போறது சாமி?"

கேட்டது வேலாயுதம். கேட்டுட்டு, கையில இருந்த ரெண்டு பையையும் சாமி முன்னால வெச்சான்.

சாமி குளக்கரையில வேப்பமரத்தடியில உக்காந்து வேர்க்கடல உரிச்சிட்டிருந்தாரு. கிளிச்சாமின்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. யார் குரல்ல வேணும்னாலும் பேசுவாரு. எல்லாத்தையும் துறந்தாரு, இத மட்டும் துறக்க முடியல.

"பையில என்ன?"

"இதுல லேகியம், சூரணம், கஷாயப் பொடி. அதுல ஆஸ்பத்திரி ஃபைலு. கல்யாணமாகி ஆறு வருஷம் சாமி. இன்னும் புள்ள இல்ல. டெஸ்ட் டியூப் பண்ணிரலாம்னு புது டாக்டரம்மா திங்கக்கிழமை வரச் சொல்லிருக்காங்க. வைத்தியரும் அதே திங்கக்கிழமை மருந்த ஆரம்பிக்கச் சொல்றாரு. நாப்பத்தெட்டு நாள் பத்தியம். ரெண்டையும் சேத்துப் பண்ணக் கூடாதுன்னு ரெண்டு பேருமே சொல்லிட்டாங்க."

"அதுலயாவது ஒத்துமையா இருக்காங்களே."

வேலாயுதம் சிரிக்கல.

"நீங்க எதச் சொன்னாலும் அதச் செய்யிறேன் சாமி. இனிமே என்னால யோசிக்க முடியாது."

"சரி. யார் யார் என்னென்ன சொன்னாங்க?"

வேலாயுதம் சொன்னான். அம்மா சொன்னது, வைத்தியர் சொன்னது, டாக்டரம்மா சொன்னது, அக்கா வீட்டுக்காரர் சொன்னது. ஒரு மணி நேரம் ஆச்சு. கடல பாதி காலி.

சாமி தொண்டையச் செருமினாரு.

"'ஊசி போட்டாப் புள்ள பொறக்குமாக்கும்? நான் அஞ்சு பெத்தேன். எவ எனக்கு ஊசி போட்டா?'"

வேலாயுதம் பதறித் திரும்பிப் பாத்தான். அம்மா வரல. சாமிதான்.

"'சூடு தம்பி. எல்லாம் சூடு. கோழி, கத்தரிக்கா, செல்ஃபோனு, மூணையும் நிறுத்திருங்க.'" நடுவுல ஒரு தும்மல். வைத்தியர் மூக்குப்பொடி போடுறவர்.

"'மிஸ்டர் வேலாயுதம், இயற்கையா வரட்டும்னு இருக்கலாம். தப்பில்ல. ஆனா வயசு நமக்காக நிக்காது. சிஸ்டர், அடுத்தவங்கள வரச் சொல்லுங்க.'"

"'மாப்ள, என் ஆபீஸ்ல ஒருத்தன். எல்லாத்தையும் விட்டுட்டு ஊட்டி போனான். வரும்போது பொண்டாட்டிக்கு ரெண்டு மாசம்.'"

"ஊட்டில எத்தன நாள் இருந்தான் சாமி?"

"அத உங்க அக்கா வீட்டுக்காரர்கிட்ட கேளு."

வேலாயுதம் வாய்விட்டே சிரிச்சுட்டான். இதுல ஒருத்தரக்கூட சாமி பாத்ததில்ல. அவன் சொன்ன தினுசுலயிருந்தே புடிச்சிட்டாரு.

"அச்சு அசல் சாமி. என் சம்சாரம் செண்பகம் மாதிரி பேசுங்களேன்."

சாமி வாயத் தொறந்தாரு. மூடினாரு. இன்னொரு தடவ தொறந்தாரு.

"வரல."

"ஏன்?"

"ஒரு மணி நேரம் பேசுனியே. அதுல அவ எங்கப்பா பேசுனா?"

வேலாயுதம் யோசிச்சான். விரல் விட்டு எண்ணிப் பாத்தான்.

பத்தடி தள்ளி, குளத்துப் படியில செண்பகம் உக்காந்து மீனுக்குப் பொரி போட்டுட்டிருந்தா.

"போ. ஒரு வார்த்த வாங்கிட்டு வா."

வேலாயுதம் படியில எறங்கினான்.

"செண்பகம், நீ என்ன சொல்ற? லேகியமா, டெஸ்ட் டியூப்பா?"

"என்னையா கேக்குறீங்க?"

"ஆமா."

அவ பொரிய எல்லாம் தண்ணில உதறிட்டுக் கையத் தட்டிக்கிட்டா.

"அந்தப் பை ரெண்டையும் எடுத்துட்டு வாங்க. அதுல இருக்கிற பேர மட்டும் வாசிங்க."

அவன் வாசிச்சான். ஸ்கேன்ல செண்பகவல்லி. ரத்தம் பாத்ததுல செண்பகவல்லி. ஹார்மோன், தைராய்டு, செண்பகவல்லி. லேகிய டப்பாவுல செண்பகவல்லி, காலையும் சாயங்காலமும் நெல்லிக்கா அளவு.

"உங்க பேரு?"

"இருக்கே. 'கணவர் கையெழுத்து'ன்னு போட்டு, அதுக்கு மேல."

செண்பகம் ஃபைல மூடி வெச்சா. தண்ணில மீனுங்க சளக் சளக்னு துள்ளுச்சு.

"உங்களையும் டெஸ்ட் பண்ணணும்னு டாக்டர் சொன்னாங்கள்ல?"

"சொன்னாங்க."

"நாம என்ன பண்ணோம்?"

"ஆஸ்பத்திரிய மாத்துனோம்."

"எத்தன?"

"மூணு."

"வைத்தியரும் உங்க நாடியப் பாக்கணும்னாரு. கைய நீட்டுங்கன்னாரு. நீங்க செருப்ப மாட்டிட்டீங்க."

மரத்தடியில கடல உரிக்கிற சத்தம் நின்னுபோச்சு.

செண்பகம் கைப்பையத் தொறந்தா. நாலா மடிச்ச ஒரு சீட்டு. மடிச்ச எடமெல்லாம் கிழிஞ்சு, செலோடேப் ஒட்டியிருந்துச்சு. வேலாயுதம் பிரிச்சான். மொத மொத பாத்த டாக்டரோட எழுத்து. வேலாயுதம், ஆண், வயசு முப்பத்தொண்ணு. கீழ ஒரே ஒரு டெஸ்ட். தேதியப் பாத்தா நாலு வருஷத்துக்கு முந்தி.

"இத நான் கசக்கிப் போட்டேனே."

"நான் பொறுக்கி வெச்சேன்."

அவன் சீட்டையே பாத்தான். படியில அவ பக்கத்துல உக்காந்தான்.

"பயமா இருக்கு செண்பகம்."

"ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எனக்கும்தான் இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப பசிக்குது." எந்திரிச்சுப் பொடவையத் தட்டினா. "திங்கக்கிழமை ஏழு மணிக்கே லேப்பத் தொறந்துருவாங்க. நானும் வரேன். ஊசி எல்லாம் ஒண்ணும் இல்ல... சாப்டுட்டே போலாம்."

வேலாயுதம் சீட்ட மடிச்சு சட்டப் பையில வெச்சான். ரெண்டு பேரும் மேல ஏறி வந்தாங்க. வந்தவன் சாமி முன்னால நின்னு தலையச் சொறிஞ்சான்.

"அது சரி சாமி. லேகியமா, டெஸ்ட் டியூப்பா, நீங்க சொல்லவே இல்லியே."

சாமி தொண்டையச் செருமினாரு. செண்பகத்தோட குரல் வந்துச்சு. நடுவுல அவ விட்ட மூச்சுகூட மாறல.

"'ஊசி எல்லாம் ஒண்ணும் இல்ல... சாப்டுட்டே போலாம்.'"