சந்தா கட்டிய ரேக்ளா

வேங்கைமலை நாட்டில் வீட்டுக்கு வீடு வீடியோ கேம் பெட்டி இருந்தது. மன்னர் காலத்தில் அது ஏது என்று கேட்காதீர்கள். இருந்தது, அவ்வளவுதான். மன்னர் மாறவேலருக்கு ஆன்லைனில் குடிமக்களோடு ரேக்ளா வண்டிப் பந்தயம் ஆடாவிட்டால் சோறு இறங்காது. தினமும் அவரே முதல்.

ஒருநாள் பொக்கிஷ அதிகாரி சொர்ணமுத்து வாயைத் திறந்தார்.

"அரசே, இலவசமாகக் கிடைப்பதை எவன் மதிப்பான்? உங்களோடு ஆட மாதச் சந்தா வைப்போம்."

மன்னர் தலையாட்டினார். மக்களும் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள்.

மறுநாள் பந்தயத்தில் மன்னர் கடைசி. அதற்கு மறுநாளும் கடைசி. போதாததற்கு ஹெட்போனில் அரண்மனைச் சமையற்காரன் உக்கிரனின் குரல் வேறு: "ஓரம் கட்டுங்க மகாராசா, பின்னால வண்டி வருதுல்ல!"

மன்னர் கொதித்துப்போனார். அரண்மனை விகடர் கூத்தபிரானை அழைத்தார்.

"விகடரே, நாளை நான் ஜெயித்தாக வேண்டும். தோற்கச் சொல்லி யாருக்கும் ஆணையிடக் கூடாது, மிரட்டவும் கூடாது. நான் தோற்றால் இந்த அவையில் உமக்கு இடமில்லை."

சொர்ணமுத்து மீசைக்குள் சிரித்தார். "மூட்டை கட்ட ஆள் அனுப்பட்டுமா, விகடரே?"

"அனுப்புங்கள், கயிறும் சேர்த்து" என்ற கூத்தபிரான், மன்னரிடம் திரும்பினார். "அரசே, எல்லாருக்கும் சந்தாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாளைக்கு ஆட்டம் இலவசம் என்று தண்டோரா போடுங்கள்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்."

மறுநாள் பந்தயத்தில் உக்கிரன்தான் முன்னால் பறந்தான். எல்லைக்கோடு தெரிந்ததும் அவன் வண்டி நின்றது. "ஐயையோ, மாட்டுக்குத் தண்ணி காட்ட மறந்துட்டேனே!" இன்னொருவன் சக்கரம் ஆடுகிறது என்று ஒதுங்கினான். கொல்லர் தெரு வேலாயி வண்டியை நேராக வைக்கோல்போரில் கொண்டுபோய்ச் செருகினாள்.

மன்னர் முதலாவதாக வந்தார். சிம்மாசனத்தின் மேலேயே ஏறிக் குதித்தார்.

"என்ன மந்திரம் போட்டீர், விகடரே?"

"மந்திரம் ஏது அரசே? சும்மா ஆடும்போது உங்களுக்கு விட்டுக்கொடுப்பது மரியாதை. காசு கட்டி ஆடுகிறவன் எதற்கு விட்டுக்கொடுப்பான்?"

மன்னரின் முகம் சுண்டிப்போனது.

"அப்படியானால், இத்தனை வருஷமும் நான் ஜெயித்ததெல்லாம்..."

கூத்தபிரான் கைகூப்பினார். "தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா, அரசே?"

மன்னர் ஒரு கணம் முறைத்தார். பிறகு கிரீடம் நழுவிக் கீழே விழும்படி சிரித்தார். சந்தா அன்றே ஒழிந்தது. கூத்தபிரானுக்கு ஒரு முத்துமாலையும் கிடைத்தது.