கைக்குட்டை போட்ட நாற்காலி

"எங்க உட்கார்ந்தாலும் தோத்துப் போறேன் மேடம்," என்றார் பூவலிங்கம்.

எஸ்தர் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"இதுவரைக்கும் எங்கெங்க உட்கார்ந்தீங்க சார்?"

"ஆறு நாற்காலியிலயும்."

"அப்போ நாற்காலிமேல தப்பு இல்ல."

பெங்களூரில், தமிழர்கள் நிறைந்த ஒரு தெருவில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அந்தச் சீட்டு மன்றம் இருந்தது. சனிக்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணிக்குப் போக்கர் ஆட்டம். ஒரு நீள்வட்ட மேசை, ஆறு நாற்காலிகள், சீட்டுப் போட நாகு என்றொருவர். அவ்வளவுதான் மன்றம்.

எஸ்தருக்கு நாற்பத்திரண்டு வயது. பதினோரு ஆண்டுகளாக அங்கே ஆடுகிறவர். குறைவாகப் பேசுவார், குறைவாகத் தோற்பார்.

பூவலிங்கத்துக்கு ஐம்பத்தெட்டு. ஓர் அச்சகத்தில் முப்பது ஆண்டுகள் பிழை திருத்திவிட்டு ஓய்வு பெற்றவர். இனிமேல் சீட்டாடியே குடும்பத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. அவர் மனைவி சண்டை போடவில்லை. மூன்று மாதம் தவணை கொடுத்தார்.

அந்தத் தவணையின் கடைசிச் சனிக்கிழமை இது. இன்றும் தோற்றால் திங்கட்கிழமை மைத்துனரின் பெயிண்ட் கடையில் வேலைக்குச் சேர வேண்டும். பாக்கெட்டின்மேல் கடையின் பெயர் தைத்த சட்டைகூடத் தயாராகிவிட்டது. மைத்துனர் அவரைவிடப் பதினேழு வயது இளையவர். விரலைச் சொடுக்கித்தான் ஆளைக் கூப்பிடுவார்.

முதல் நாளே பூவலிங்கம் எஸ்தரைத் தம் குருவாக வரித்துக்கொண்டார். எஸ்தர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து பெரும்பாலும் அவருக்கு இடப்பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தார். பிள்ளைக்கு எழுதப் பழக்குகிறவர் பக்கத்திலேயே இருந்து பார்ப்பதில்லையா, அதுபோல என்று பூவலிங்கம் எண்ணிக்கொண்டார். குரு கிடைத்த மகிழ்ச்சியில் குருவிடம் எதையும் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இன்றுதான் கேட்கிறார். கீழே பேக்கரியில், தேநீர்க் குவளையோடு.

"இடத்த எப்படிப் பாத்து எடுக்கறீங்க?" என்றார் எஸ்தர்.

"முதல் மாசம் ஃபேனைப் பாத்தேன். காத்து வந்தா மூளை ஓடும்னு."

"ம்."

"ரெண்டாவது மாசம் திசை. கிழக்கப் பாத்து உட்கார்ந்தேன்."

"கிழக்க என்ன தெரிஞ்சுது?"

"பாத்ரூம் கதவு."

எஸ்தர் சிரிக்கவில்லை.

"மூணாவது மாசம் ஒரு புத்தகம் வாங்கினேன். கண்ண மூடிட்டுக் காச எறியற ஆள் யாருன்னு பாரு, அவருக்கு இடப்பக்கம் உட்காருன்னு அதுல போட்டிருக்கு."

போக்கரில் முறை இடப்பக்கமாகச் சுற்றிவரும். பணம் வைப்பதா விடுவதா என்று வலப்பக்கத்துக்காரர் சொன்ன பிறகுதான் நாம் சொல்ல வேண்டும். முன்னால் சொல்கிறவர் இருட்டில் சொல்கிறார். பின்னால் சொல்கிறவருக்குக் கையில் விளக்கு இருக்கிறது.

"புத்தகம் சரியாத்தான் சொல்லுது," என்றார் எஸ்தர். "யாரு அந்த ஆளு?"

"ஜவுளிதான். வேற யாரு?"

ஜவுளி என்பது கிருபாகரன். துணிக்கடைக்காரர். சத்தமாகப் பாடுவார். சீட்டைத் திருப்பிப் பார்க்காமலேயே சில சமயம் பணம் வைப்பார்.

"ஆனா ஒண்ணு மேடம். அவரு வழக்கமா ஜன்னல் ஓரந்தான். நான் முன்னாடியே வந்து பக்கத்து நாற்காலியில கைக்குட்டை போட்டு வெச்சிடறேன். வந்து பாக்கறாரு, வேற பக்கம் போயிடறாரு. எங்கிட்ட ஏதாவது வாடை அடிக்குதோ என்னமோ."

பேருந்து வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடிக்கிறோம் அல்லவா? அந்த மன்றத்திலும் அதே வழக்கம்தான். காலி நாற்காலியில் கைக்குட்டை விழுந்தால் அது போட்டவருடையது. வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. ஆட்டம் கலையும்வரை போட்டவரும் மாறக் கூடாது.

முப்பது ஆண்டுகள் பேருந்தில் வேலைக்குப் போய்வந்தவர் பூவலிங்கம். இரண்டரை மணிக்கே மாடியேறிவிடுவார். மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட அவரை முந்தி வேறொருவர் கைக்குட்டை விழுந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"இன்னைக்குப் போட்டாச்சா?" என்று கேட்டார் எஸ்தர்.

"இல்ல. உங்களக் கேட்டுட்டுப் போடலாம்னு."

"போடாதீங்க. எல்லாரும் உட்கார்ந்த பிறகு உட்காருங்க."

"கழிச்சுப் போட்ட இடந்தானே மிஞ்சும்?"

"மிஞ்சட்டும்."

"எனக்கு இன்னைக்குக் கடைசி நாள் மேடம்."

"தெரியும் சார்," என்று எஸ்தர் தேநீரைக் குடித்து முடித்தார்.

இருவரும் மாடியேறினார்கள். பூவலிங்கம் சுவர் ஓரமாக நின்றுகொண்டார். ஆறு நாற்காலிகளும் காலி. எஸ்தர் அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

முதலில் பல் டாக்டர் யோகேசுவரன் வந்தார். மேசையைப் பார்த்தார். பூவலிங்கத்தைப் பார்த்தார்.

"என்ன சார், கைக்குட்டையக் காணோம்?"

"துவைக்கப் போட்டிருக்கு. நீங்க உட்காருங்க டாக்டர்."

"எனக்கென்ன அவசரம்? நாள் பூரா உட்கார்ந்தே பல்லப் புடுங்கறவன்," என்று டாக்டர் தண்ணீர் கேன் பக்கம் போனார்.

அடுத்து அண்ணன், தம்பி இருவர் வந்தார்கள். லாரி வைத்திருப்பவர்கள். தம்பி ஒரு நாற்காலியை இழுத்தார். அண்ணன் அவர் காலை மிதித்தார். தம்பி நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டார்.

கடைசியில் ஜவுளி. படிக்கட்டிலேயே பாட்டு கேட்டது. கதவைத் திறந்ததும் நின்றுபோனது.

"என்னய்யா எல்லாரும் நிக்கிறீங்க? யாராவது போய்ச் சேந்துட்டாங்களா?"

ஜவுளி ஆறு நாற்காலிகளையும் ஒரு முறை பார்த்தார். பிறகு பூவலிங்கத்தைப் பார்த்தார்.

"ஓ," என்றார். ஜன்னலில் சாய்ந்து செல்போனை எடுத்துக்கொண்டார்.

நாகு சீட்டைக் கலைத்து அடுக்கினார். மறுபடி கலைத்தார். மணி மூன்று பத்து.

"மேடம், நீங்களாவது உட்காருங்க," என்றார் பூவலிங்கம், தாழ்ந்த குரலில்.

"உட்காருவேன்."

உட்காரவில்லை.

பிழை திருத்துகிறவர்களுக்கு ஒன்று தெரியும். சில பக்கங்களைப் பார்த்த உடனே ஏதோ தவறு இருக்கிறது என்று புலப்பட்டுவிடும். எந்த வரியில் என்பதுதான் பிடிபடாது. பூவலிங்கம் டாக்டரைப் பார்த்தார், மூன்றாவது குவளைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அண்ணனையும் தம்பியையும் பார்த்தார், பழைய காலண்டரில் ஏதோ தேதி தேடிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் கையிலும் கைக்குட்டை இருந்தது.

"ஏன் மேடம், ஒருத்தரும் உட்கார மாட்டேங்கறாங்க?"

"நீங்க இன்னும் உட்காரலையே சார்."

கண்ணை மூடிக்கொண்டு காசை எறிகிற ஆள் என்ற புத்தகத்தின் வரி பூவலிங்கத்துக்கு ஞாபகம் வந்தது.

ஜவுளி செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். புன்னகை செய்தார். கடை வாசலில் செருப்பைக் கழற்றுகிறவரைப் பார்த்துக் கடைக்காரர் செய்யும் புன்னகை அது.

"ஜவுளிகூடவா?"

"அவருதான் முதல் ஆளு."

"நீங்க?"

"நானுந்தான்."

"மூணு மாசமா என் இடப்பக்கம் உட்கார்ந்தது..."

"ஆமா சார்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்."

"இன்னைக்குத்தானே எங்கிட்ட கேட்டீங்க? அதுவரைக்கும் ஃபேனைக் கேட்டீங்க, திசையக் கேட்டீங்க."

எஸ்தர் குரலில் ஏளனமும் இல்லை, இரக்கமும் இல்லை. மணி கேட்டவருக்கு மணி சொல்வதுபோல் சொன்னார்.

"சார், இந்த வயசுல நிக்கிறது முட்டிக்கு ஆகாது. உட்காருங்க," என்றார் டாக்டர்.

"ஃபேனுக்குக் கீழ காலியாத்தான் இருக்கு," என்றார் ஜவுளி. "வேணும்னா இன்னைக்கு நான் உங்களுக்கு வலப்பக்கமே உட்கார்றேன். திருப்திதானே?"

தம்பி சிரித்தார். அண்ணன் மறுபடி மிதித்தார்.

பூவலிங்கம் ஃபேனுக்குக் கீழே இருந்த நாற்காலியைப் பார்த்தார். உட்கார்ந்தால், யார் கண்டது, இந்த ஒரு நாள் சீட்டு நன்றாக விழலாம். விழுந்தால் இன்னும் சில சனிக்கிழமைகள் கிடைக்கும். உட்காராவிட்டால் தோல்வி இல்லை, வெற்றியும் இல்லை. திங்கட்கிழமை மட்டும் வரும். விரல் சொடுக்கும் ஓசை இப்போதே காதில் கேட்டது.

அவருடைய கால் ஓர் அடி முன்னே போனது.

ஐந்து பேரும் நிமிர்ந்தார்கள். எஸ்தரும்தான்.

கால் அங்கேயே நின்றது.

மணி மூன்றரை ஆயிற்று. டாக்டருக்கு ஒரு நோயாளியின் ஞாபகம் வந்தது. அண்ணனுக்கு லாரி ஷெட்டிலிருந்து அழைப்பு வந்தது, தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். ஜவுளி இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"சீட்டுப் பழக்கம் சார், உங்களால விட முடியாது. அடுத்த வாரம் பாப்போம்," என்று சொல்லிவிட்டு இறங்கினார். படிக்கட்டில் பாட்டு கேட்கவில்லை.

எஸ்தர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். ஆனால் போகவில்லை.

நாகு கடைசியாக ஒரு முறை சீட்டை அடுக்கி மேசைமேல் தட்டினார்.

"என்ன சார், உட்காரப் போறீங்களா, இல்ல பெட்டிய மூடவா?"

"மூடுங்க," என்றார் பூவலிங்கம்.