மூலையில் நிற்பவனுக்கு ஒரு பிடி சோறு

கிட்ட வந்து உட்காருங்கள். கையிலிருக்கும் செல்லைக் கீழே வைக்க வேண்டாம். இந்தக் கதையில் பாதி செல்லுக்குள்தான் நடக்கிறது.

தென்காசியில் குற்றாலிங்கம் என்று ஒருவர். சாமி படம், கல்யாணப் படம் எதுவானாலும் பிரேம் போட்டுக் கொடுக்கிற கடை. அறுபதைத் தொட்ட வயதில் அவருக்குச் செல் விளையாட்டு ஒன்றில் ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. ஓட வேண்டாம், பந்தைத் தொட வேண்டாம். யாரை இறக்குவது, எதிராளியை எப்படித் தடுப்பது என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும். சாயங்காலம் பொம்மைகள் தாமாக ஆடிக்கொள்ளும். ஆட்டம் தொடங்கிவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான்.

அந்த விளையாட்டில் அணிகள் பிரிவு பிரிவாக மோதும். இவர் பிரிவிலேயே அவர் மகன் கதிர்வேலுக்கும் ஓர் அணி. அவன் கோயம்புத்தூரில் இருந்தான். கடையை எடுத்து நடத்த மாட்டேன் என்று அவன் சொன்ன அன்று, அவன் ஒரு வார்த்தைக்கு இவர் பத்து வார்த்தை சொன்னார். அதோடு போன் பேச்சு நின்றது. ஆனால் இவர் அணி ஆடி முடித்ததும் பிரிவின் பொதுப் பலகையில் அவன் எழுதுவான்: "பார்த்தேன்." அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காக இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காத்திருப்பார்.

பிரிவுக்கு ஒரு பலகை. இவர் அணியோ தோற்றுத் தோற்று அடிமட்டத்துக்கு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். அதிலும் தோற்றால் கீழ்ப் பிரிவு, வேறு பலகை. "பார்த்தேன்" போச்சு.

அந்தப் பிரிவில் யாரும் அசைக்க முடியாத முதலிடம் செண்பகவல்லிக்கு. தபால் ஆபீஸில் வேலை பார்க்கிற பெண், அடுத்த தெருதான், இவருக்கு மகள் வயது. "குருவே" என்று கேலியாகக் கூப்பிடத் தொடங்கியவர், நாலு தோல்விக்குப் பிறகு நிஜமாகவே கூப்பிட்டார்.

ஞாயிறு காலை அவள் வீட்டு மொட்டைமாடிக்கு மூச்சு வாங்க ஏறினார். வெள்ளை வேட்டி விரித்து, அது நிறையக் கூழ்வடகம் பிழிந்து காய வைத்திருந்தாள். சுற்றுச்சுவரில் காக்காய்கள்.

"குருவே, ஆளுக்கு ஆள் நின்னு தடுக்கவா? கூடைக்கடியில கூட்டமா நிக்கவா? மைதானம் பூரா விரட்டவா? எதுதான் நல்லது?"

"இதுவரைக்கும் எது வச்சீங்க?"

"மூணும் வச்சுப் பார்த்தாச்சு."

"தடுப்புப் பக்கத்துல ஒரு ஊசி இருக்குமே. உள்ளேன்னா கூடைக்கடியைக் காக்கும், வெளியேன்னா தூரத்துல நின்னு எறியறவனைத் தடுக்கும். அது எங்க நிக்குது?"

"நடுவுல."

"எல்லா ஆட்டத்துக்குமா?"

"ஆமா. ரெண்டு பக்கமும் பாக்கணும்லா?"

வல்லி காக்காய் விரட்டும் மூங்கில் குச்சியை அவர் கையில் கொடுத்தாள். "அண்ணாச்சி, உலை வச்சிருக்கேன். வடிச்சிட்டு வர்ற வரைக்கும் வடகத்தைப் பாத்துக்கோங்க. ஒண்ணு குறைஞ்சாலும் எங்க அத்தை நம்ம ரெண்டு பேரையும் வெயில்ல காயப் போட்டுருவாங்க."

குற்றாலிங்கம் காத்தார். கிழக்கே ஒரு காக்காய் இறங்கியது, கிழக்கே ஓடினார். மேற்கே ஒன்று தூக்கிக்கொண்டு போனது. மேற்கே ஓடினால் காலடியில் அணில். சரியென்று நட்ட நடுவில் நின்று குச்சியைச் சுழற்றினார். நாலு மூலையிலும் இறங்கித் தின்றன. கட்டியிருந்த வேட்டி வேறு காலில் தடுக்கி, வடகத்தில் ஒரு வரிசையை அவரே மிதித்தார்.

வல்லி வந்து பார்த்தாள்.

"காக்கா தின்னதை விட நீங்க மிதிச்சதுதான் ஜாஸ்தி போல."

"குடை ஒண்ணு கொடும்மா. கறுப்புக் குடையைக் கண்டா காக்கா வராது."

"போன வாரக் காத்து கொண்டுபோயிட்டு."

அவள் கையில் வாழையிலைத் துண்டும் சூடான சோறும் இருந்தன. வீட்டில் யாரும் சாப்பிடுமுன் காக்காய்க்கு வைக்கிற சோறுதான். வழக்கமாக மாடிப்படிக்குப் பக்கத்தில், வடகத்தை ஒட்டி வைப்பார்கள். அவளோ அதைத் தாண்டி நடந்து, சுவரின் கடைக்கோடி மூலையில் வைத்துவிட்டு, கா... கா... என்று குரல் கொடுத்தாள்.

"என்னம்மா இது! சோறு வச்சா இன்னும் நாலு வருமே?"

"வரட்டும். எங்க வருதுன்னு பாருங்க."

எல்லாம் மூலைக்குப் போயின. அணில் மட்டும் மிச்சம். குச்சியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார், அதுவும் ஓடிற்று.

"இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி. இன்னைக்கு எதிர் அணியில யாருக்குச் சோறு வைக்கப் போறீங்க?"

அவர் செல்லை எடுத்து எதிர் அணி ஆட்களைப் பார்த்தார். கூடைக்கடியில் இரண்டு மலை மாதிரி ஆட்கள். தூரத்து மூலையில் ஒரு சுருட்டைமுடி.

"இந்தச் சுருட்டைக்கு. பத்து எறிஞ்சா மூணுதான் விழும்."

"விழட்டும்."

"அந்த மூணும் முதல்லயே விழுந்துட்டா?"

"விழட்டும்னேன்."

ஊசியை நடுவிலிருந்து உள்ளே தள்ளினார், ஒட்டத் தள்ளினார்.

சாயங்காலம் ஆட்டம். சுருட்டைமுடி முதல் இரண்டையும் போட்டுவிட்டான். குற்றாலிங்கம் ஊசியைத் தொடப் போனார், தொட முடியாதே! சுருட்டைக்கு ருசி கண்டுவிட்டது. எறிந்தான், எறிந்தான், எறிந்துகொண்டே இருந்தான். ஒன்றும் விழவில்லை. கூடைக்கடியில் நின்ற மலைகளுக்குப் பந்தே போகவில்லை. கடைசி நிமிஷத்தில் ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் இவர் அணி ஜெயித்தது. பிரிவு நிலைத்தது.

பலகையில் எழுத்து விழுந்தது. இந்தத் தடவை வெறும் "பார்த்தேன்" இல்லை.

"பார்த்தேன். ஆனா மூலையை அப்படியா திறந்து விடுறது? அதிர்ஷ்டத்துல ஜெயிச்சிருக்கீங்க. நானா இருந்தா அப்படி ஆட மாட்டேன்."

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டுக்கு வல்லி வீட்டுக்கு வந்திருப்பாள் என்று கணக்குப் பண்ணி மாடிக்கு ஏறினார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"பாத்தியா குருவே! அதிர்ஷ்டமாம்! ஏன் திறந்து விட்டேன், எதுக்கு விட்டேன், அவன் சொன்னது எங்கெங்க தப்புன்னு வரிக்கு வரி பதில் எழுதியிருக்கேன். ராத்திரி பூரா உக்காந்து எழுதினது. அனுப்பட்டா?"

வல்லி முழுதும் படித்தாள். மகன் எழுதியதை இன்னொரு தடவை படித்தாள். "ஒரு வார்த்தைக்கு மேல எழுதாதவரு இன்னைக்கு இத்தனை எழுதியிருக்காரு, விழட்டும் அண்ணாச்சி" என்று செல்லை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு இலைத்துண்டில் ஒரு பிடி சோறு எடுத்துக்கொண்டு சுவரின் கடைக்கோடி மூலைக்கு நடந்தாள். அங்கே வைத்துவிட்டு, அவரைத் திரும்பிப் பார்த்தபடி கூப்பிட்டாள்:

"கா... கா..."